குறை சொன்ன ஊர்

எங்கள் வீட்டில் யாரும் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டோம். அப்பா மாட்டுத் தரகர். தேனி, சின்னமனூர், கம்பம், ஆண்டிபட்டி என்று சந்தைக்குச் சந்தை போகிற பிழைப்பு. வாங்க வேண்டிய மாட்டைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் விலை ஏறிவிடும். அதனால் மனசுக்குப் பிடித்த காளையைத்தான் அப்பா அதிகமாகக் குறை சொல்வார். கொம்பு கோணல் என்பார், நடை சரியில்லை என்பார், முதுகில் ஆகாத சுழி இருக்கிறது என்பார். தள்ளிவிட வேண்டிய மாடு என்றால் அதற்கு ராஜகளை வந்துவிடும்.

இந்தப் பழக்கம் சந்தையோடு நிற்கவில்லை. அம்மா வைத்த குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே அப்பா மறுபடியும் சோறு வாங்குவார். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். அன்றைக்குக் குழம்பு கெட்டது என்று அர்த்தம். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. ஜவுளிக்கடையில் எனக்குப் பிடித்த பாவாடைத் துணியைத் தொட்டுப் பார்த்து, "சாயம் போயிரும்போலப்பா" என்பேன். அப்பா உடனே அதையே பொட்டலம் கட்டச் சொல்லுவார். கடைக்காரர் விழிப்பார். எங்களுக்குள் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

உண்மையைச் சொல்ல வேறு இடம் இருந்தது. அது துண்டுக்குள். சந்தையில் தரகர் தன் தோள் துண்டை எடுத்து விற்கிறவரின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை கேட்பார். இத்தனை விரல் என்றால் இத்தனை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவர் தரகரின் ஐந்து விரலையும் மடக்கி மூடி ஒரு அழுத்து அழுத்திவிட்டால், மாடு விற்பதற்கில்லை என்று பொருள். அதற்குமேல் எந்தத் தரகரும் வற்புறுத்துவதில்லை. "வாயில சொல்றது சந்தைக்கு, வெரல்ல சொல்றது சாமிக்கு" என்பார் அப்பா. வாயில் ஆயிரம் புளுகலாம், துண்டுக்குள் புளுகியவனோடு மறுபடி யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

சின்ன வயசில் அப்பா எனக்கும் துண்டு போடுவார். சந்தையிலிருந்து வந்ததும் என் கைமேல் துண்டை விரித்து, "எத்தன பணியாரம் வேணும், வெலையச் சொல்லு" என்பார். நான் விரல்களைப் பிடிப்பேன். கொடுக்க மனசில்லாத பொம்மையைக் கேட்டால் அவருடைய ஐந்து விரலையும் மடக்கி, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் அழுத்துவேன். "சரி சரி, விக்கிறதுக்கில்லையாம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். நான் பெரிய மனுஷியான பிறகு அது நின்றுபோனது. அதற்கப்புறம் அப்பா என் கையைத் தொட்டதே கிடையாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். அப்புறம் வீட்டில் இரண்டே பேர். மனசில் இருப்பதை நேராகச் சொல்லத் தெரியாத இரண்டு பேர். அப்பா சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் செருமுவார். அம்மா இருந்தவரை அந்தச் செருமலுக்கு உள்ளே இருந்து ஒரு பதில் வரும், "வாரேன் வாரேன்" என்று. அம்மா போன பிறகும் அவர் செருமுவதை விடவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அம்மாவின் வார்த்தை.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். அந்தக் காலத்தில் பேப்பரைத் திறந்தால் கம்ப்யூட்டர், ரேடியோவைத் திருப்பினால் கம்ப்யூட்டர். அது வந்தால் பாங்கில் ஆளே வேண்டாமாம் என்று டீக்கடையில் பயந்தார்கள். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். இருந்தும் அதைத்தான் படிப்பேன் என்று விண்ணப்பம் போட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் நாலு வருஷப் பட்டத்துக்கு இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெயரெல்லாம் இப்போது எதற்கு? எங்கள் வீட்டில் ஒன்றுக்கு மதுரை என்று பெயர், மற்றதற்கு மெட்ராஸ் என்று பெயர்.

மெட்ராஸ்தான் பேர் வாங்கிய இடம். பெரிய மிஷின் இருக்கிறது, வெளிநாடு போனவர்கள் அங்கே படித்தவர்கள் என்றெல்லாம் சொன்னார்கள். மதுரையில் படிப்பு புதுசு. ஆனால் தேனியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம், வாரக் கடைசியில் வந்துவிடலாம். எனக்கு மதுரைதான் வேண்டியிருந்தது. அப்பாவுக்குச் சோறு வடிக்க ஆளில்லை என்பதற்காக இல்லை, அவர் என்னைவிட நன்றாக வடிப்பார். ஒருவருமே இல்லாத வீட்டு வாசலில் நின்று அவர் செருமுவார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளே ஆள் இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கும் அவரை விட்டால் யாரிருக்கிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் கம்பத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை. ஒரு கூடை பன்னீர்த் திராட்சையோடு வந்தவள், நான் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, "பிள்ள எங்கனயாச்சும் தூரமாப் படிக்கப் போயிருச்சுன்னா உனக்கும் ஒரு வழியப் பண்ணிரலாம்ணே. சின்ன வயசுதான, எத்தன நாளைக்கு இப்பிடியே இருப்ப?" என்றாள். அப்பா, "பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். நான் கையில் வாளியோடு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றேன். அத்தை கொண்டுவந்த திராட்சையை அப்புறம் நான் தொடவில்லை.

எந்த இடம் என்று பேச்சு வந்தது ஒரு சாயங்காலம், சாப்பிடும்போது. அப்பாதான் ஆரம்பித்தார்.

"மதுர நல்ல ஊரு ஆத்தா. பக்கம். வெள்ளிக்கெழம பஸ் ஏறுனா வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரலாம். தண்ணி ஒத்துக்கிரும். நம்ம பக்கத்து ஆளுக நெறையா இருக்காக. மெட்ராஸ்ல படிச்சாலும் படிப்பு, மதுரையில படிச்சாலும் படிப்பு."

அப்பா வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. தள்ளிவிட வேண்டிய மாட்டுக்குத்தானே இவர் இப்படி அடுக்குவார்? மதுரையை இவர் வேண்டாம் என்கிறார். நான் பக்கத்தில் இருப்பதை வேண்டாம் என்கிறார். அத்தையின் பேச்சும் அந்தப் "பாப்போம்"மும் அதோடு வந்து சேர்ந்துகொண்டன. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று, மெட்ராஸுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்பதை வாயில் வந்தபடி நேராகவே சொன்னேன்.

"மெட்ராஸ்ல தண்ணி உப்பாம்ப்பா. வெயிலு மண்டயப் பொளக்குமாம். ஆளு யாரு என்னன்னே தெரியாது. ஆஸ்டல்ல சோறு வாயில வைக்க முடியாதாம். அம்புட்டுத் தூரம் எதுக்கு?"

வாழ்க்கையில் அன்றைக்குத்தான் நான் ஒரு குறையை உண்மையாகவே குறையென்று நினைத்துச் சொன்னேன்.

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறபோது இப்படித்தான் பார்ப்பார், அவசரமில்லாமல். அப்புறம் தலையை ஆட்டினார். "சரி ஆத்தா" என்று எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் ஒரு தகரப் பெட்டி வீட்டுக்கு வந்தது. நீலப் பெயிண்ட் அடித்து, பூட்டு மாட்டிய பெட்டி. "மெட்ராஸுக்கே வாரேன்னு எழுதிரு" என்றார். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. நான் "சரிப்பா" என்றேன். சண்டை போட்டிருக்கலாம், மாட்டேன் என்று தரையில் உருண்டிருக்கலாம். எனக்கும் ரோஷம் இருந்தது. வேண்டாம் என்கிறவரின் வாசலில் எதற்கு நிற்க வேண்டும் என்று பெட்டியை அடுக்க ஆரம்பித்தேன்.

என்னைக் கொண்டுபோய் விட அப்பாவே வந்தார். பல்கலைக்கழக வளாகத்தை, சந்தைக்குப் புதிதாக வந்த மாட்டைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விடுதி வாசலுக்குமேல் ஆண்கள் வரக்கூடாது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"ரோட்டுச் சத்தம் ஓயாதுபோல. மரமெல்லாம் நோஞ்சானா நிக்கிது. இப்பத்தான் கொழாயில குடிச்சுப் பாத்தேன், தண்ணிய வாயில வைக்க முடியல" என்றார்.

அவருக்கு இந்த இடம் நிரம்பப் பிடித்துவிட்டது, என்னை விட்டுப்போவதில் நிம்மதி என்று நான் நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். அவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தனியாக இருந்தேன், அவ்வளவுதான். வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர், அவர்கள் ஒருவருக்கொருவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். முதல் வாரத்தில் நான் "அங்கன வச்சிருக்கேன்" என்றதற்கு ஒரு அறை நிறையச் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, வேடிக்கைக்குச் சிரித்தார்கள். ஆனால் எனக்கு வாய் அடைத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மெஸ்ஸில் நீள மேஜையில் நான் ஒருத்தி உட்கார்ந்து ஆறிப்போன சாதத்தைச் சாப்பிடுவேன். பரிமாறுகிறவரிடம் "போதும்" என்று சொல்வதுதான் சில நாட்களில் அன்றைக்கு நான் பேசிய ஒரே வார்த்தை. தண்ணீர் உண்மையிலேயே உப்பாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு மட்டும் விரும்பிப் போனேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மார்கழி மாதக் குளிர் எப்போதும் இருக்கும். நம் முறை வருகிறவரை பெஞ்சில் காத்திருந்து, டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, எழுதி வைத்திருப்பதைத் தட்ட வேண்டும். தப்பென்றால் தப்பு என்று அந்தத் திரையில் வரும், எந்த வரி என்றும் வரும். சரியென்றால் விடை வரும். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்று சொல்லாத ஒன்றை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் சிரிக்கக்கூடாது.

அப்பாவிடமிருந்து கார்டு வரும். "நலம். மழை உண்டு. உடம்பைப் பார்." அவருடைய கல்யாணச் செய்தி வரும் வரும் என்று ஒவ்வொரு கார்டையும் பயந்துகொண்டே திருப்புவேன். வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றார். சட்டை தோளில் தொங்கியது, ஆள் பாதியாகியிருந்தார். வீட்டுக்கு வந்து இலை போட்டு, சுடச்சுடச் சோறு வைத்து, எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"எப்பிடி ஆத்தா இருக்கு மெட்ராஸு?"

அவர் மெலிந்திருந்ததைப் பார்த்த பிறகு குறை சொல்ல மனசு வரவில்லை. "நல்லாருக்குப்பா. சோறு நல்லாருக்கு. எல்லாரும் நல்லாப் பழகுறாக" என்றேன்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. "நல்லாருக்கா?" என்று ஒருமுறை கேட்டார். "ஆமாப்பா." அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சை மாற்றுகிற மாதிரி, "அந்த மிஷினு என்னதான் பண்ணும்?" என்றார். அதற்கு உண்டு, இல்லை என்கிற இரண்டு மட்டும்தான் தெரியும், அதை வைத்துத்தான் எல்லாம் செய்யும் என்றேன். "அப்ப நம்ம தரகுக்கு ஆகாது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கடமலைக்குண்டிலிருந்து விவசாயம் பண்ணுகிற ஒரு சம்சாரி வந்தார். அப்பாவிடம் பல வருஷமாக உழவு மாடு பிடிக்கிறவர். இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள், நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். தடுப்புச் சுவர் பாதிதான், பேச்சு அப்படியே கேட்கும்.

"ஏண்ணே, மதுரையில எடங் கெடச்சிருக்குன்னு சொன்னீகளே. பொம்பளப் பிள்ளைய எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்பிச்சீக?" என்று அவர் கேட்டார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"எனக்கு மதுரதான் மனசு. வாயவிட்டே சொல்லிப் பாத்தேன், வாரா வாரம் வந்துரலாம், பக்கம்னு. நான் யார்ட்டயும் அப்பிடிச் சொன்னதில்ல. ஆனா அவ மெட்ராஸ ஒண்ணுவிடாமக் கொற சொன்னா. தண்ணி உப்பு, வெயிலு, சோறு சரியில்லன்னு. தரகன் மகள்ல? வேணுங்கிறதத்தான கொற சொல்லுவா. ஆத்தா இல்லாத பிள்ள, ஆசப்பட்டத நான் கெடுக்கலாமா?"

"தங்கச்சி ஏதோ பொண்ணு பாக்கணும்னு சொன்னாகளாமே?"

"அவள இந்தப் பேச்செடுத்தா வாசப்படி ஏறாதன்னுட்டேன்."

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முதலில் வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். உலகத்தில் எல்லா வீட்டிலும் மனிதர்கள் வேண்டும் என்றால் வேண்டும் என்கிறார்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னோம், அன்றைக்குப் பார்த்து இரண்டு பேருமே நம்பவில்லை.

காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். சம்சாரி, "காப்பி நல்லாருக்கு ஆத்தா" என்றார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்று முழுவதையும் குடித்தார். நான் உள்ளே வந்து அழுதேன்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் அவரிடம் எப்படிச் சொல்வது என்றே சுற்றிக்கொண்டிருந்தேன். மதுரை இடம் வேறு யாருக்கோ போய் அங்கே வகுப்பும் பாதி ஓடிவிட்டது, மாற முடியாது. அது போகட்டும். எனக்கும் மதுரைதான் பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் எந்த வாயால் சொல்வது? "எனக்கு மதுரைதான்ப்பா பிடிச்சிருந்துச்சு" என்றால், தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்வார். குறை சொன்னாலும் கெட்டது, நல்லது சொன்னாலும் கெட்டது. மெட்ராஸ் நல்லாருக்கு என்று நான் சொன்னபோது அவர் ஏன் சாப்பாட்டை ஒதுக்கினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் அங்கே படுகிற பாட்டை அந்த ஒரு பொய்யில் அவர் முழுசாகத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

கிளம்புகிற சாயங்காலம் தேனி பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். பெட்டியை ஏற்றிவிட்டு அப்பா கீழே என் பக்கத்தில் நின்றார். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்பா எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு, "மேகமலப் பக்கம் மழ எறங்குது" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, அவருடைய வலது கையின்மேல் போட்டு, உள்ளே என் கையை விட்டேன்.

அவர் திடுக்கிட்டுப் போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். ஆனால் அத்தனை வருஷத் தொழில், துண்டு விழுந்ததும் விரல்கள் தாமாக விரிந்து விலைக்குக் காத்து நின்றன. மூக்கணாங்கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றை ஒவ்வொன்றாக மடக்கினேன். ஐந்தையும் மடக்கி, மூடி, சின்ன வயசில் பொம்மைக்காக அழுத்தியதுபோல் அழுத்தினேன். விடவில்லை.

அப்பா மலையைப் பார்த்தபடியே இருந்தார். அப்புறம் துண்டுக்குள் அவர் கை திரும்பியது. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி மடக்கி, மூடி, அதேபோல் அழுத்தியது.

"அன்னைக்கே துண்டப் போட்ருக்கணும்" என்றார். "எனக்குத்தான் தோணல. இப்பக் கை குடுத்தாச்சு ஆத்தா. முடிஞ்ச பேரம் முடிஞ்சதுதான்."

"தெரியும்ப்பா."

கண்டக்டர் விசில் ஊதினார். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் துண்டு என் கையோடு வந்துவிட்டது தெரிந்தது. ஜன்னல் வழியாக நீட்டினேன். அப்பா வாங்கவில்லை.

"அது எதுக்கு எனக்கு? பழசு. கரை பிஞ்சு போச்சு. வேர்வ நாத்தம் வேற" என்றார். "நீயே வச்சுக்க."

பஸ் நகர்ந்தது. வெறும் தோளோடு அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இனி அவர் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய், வாசலில் நின்று செருமுவார். பெரியகுளம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். துண்டை மடியில் விரித்து அதற்குள் என் கையை வைத்துக்கொண்டேன். பிடிப்பதற்கு எதிர்ப்பக்கம் விரல் இல்லை. படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது.